மூன்று நாள் பாங்கர்

இன்வெஸ்ட்மென்ட் பாங்க் என்றதும் நம்மில் பலருக்கு, ஃபிக்ஸட் டெபாசிட்டுக்குக் கால் சதவீதம் கூடுதலாக வட்டி தருகிற இடம் என்ற எண்ணம்தான் வரும். இல்லை. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அங்கே போனால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார். அதைக் கல்யாணத் தரகர் ஆபீஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்க வேண்டும், அல்லது பொதுமக்களுக்கு ஷேர் வெளியிட வேண்டும், அல்லது கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்ட வேண்டும் என்றால் இவர்களிடம் வரும். இவர்கள் ஜாதகம் பார்த்து, குறையைச் சின்னதாக்கி நிறையைப் பெரிதாக்கி, விலை பேசி, முகூர்த்தம் குறித்துக் கொடுப்பார்கள். தாலி ஏறியதும் கமிஷன். அதற்கப்புறம் தம்பதி குடித்தனம் நடத்துகிறார்களா, கோர்ட்டுக்குப் போகிறார்களா என்பது தரகர் கவலை இல்லை. இந்தக் கடைசி வரியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு தேவைப்படும்.

இந்த வங்கிகள் கல்லூரி மாணவர்களுக்காக 'இன்சைட் ப்ரோக்ராம்' என்று ஒன்று நடத்துகின்றன. லண்டனில் இதற்கு 'ஸ்பிரிங் வீக்' என்று செல்லப் பெயர். முதல் வருஷத்துப் பிள்ளைகளை ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி ஒன்றிரண்டு வாரம் ஆபீசுக்குள் அழைத்து, சுற்றிக் காட்டி, சாப்பாடு போட்டு அனுப்புவார்கள். பிடித்துப்போனவர்களை அடுத்த வருஷக் கோடையில் வேலை பழகக் கூப்பிடுவார்கள். பெண் பார்ப்பதற்கு முன்னால் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பது போல ஏற்பாடு செய்வார்களே, அந்த மாதிரி. நம் ஊரில் இது இரண்டு மூன்று நாளோடு முடிகிறது.

இப்படி ஒன்றுக்குப் போய்வந்த ஒரு மாணவியால்தான் இந்த வாரம் நான்கு புத்தகங்களைப் பற்றி எழுத நேர்ந்தது. சைதாப்பேட்டையில் எங்கள் தெருப் பெண். பி.காம். இரண்டாம் வருஷம். அப்பா சைதாப்பேட்டை கோர்ட் வாசலில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பெரிய வங்கி ஒன்றின் ஓ.எம்.ஆர். ஆபீசில் மூன்று நாள். பெயர் வேண்டாம். எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட இதே மெனுதான்.

பெண் கெட்டிக்காரி. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். அந்த நோட்டு எனக்குப் படிக்கக் கிடைத்தது. முதல் நாள் 'எங்கள் கல்ச்சர்' என்று பிரசங்கம். ரெஸ்யூமே எழுதுவது எப்படி. மதியம் 'நெட்வொர்க்கிங் லஞ்ச்', அதாவது ஒரு கையில் தட்டு, இன்னொரு கையால் கைகுலுக்கல், மூன்றாவது கை இருந்தால் சாப்பிடலாம். இரண்டாம் நாள் ஒரு டிரேடிங் விளையாட்டு. பொய்ப்பணம் கொடுத்து, ஸ்க்ரீனில் பொய்ச் செய்தி ஓடவிட்டு, ஷேர் வாங்கி விற்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து, ஒரு சோப்பு கம்பெனி ஒரு ஷாம்பு கம்பெனியை வாங்கலாமா என்று பத்து ஸ்லைடில் சொல்ல வேண்டும். கடைசியில் சர்டிஃபிகேட், பெயர் போட்ட தண்ணீர் பாட்டில்.

நோட்டின் பின்னட்டையில் இரண்டு வரிசை குச்சிக் கோடுகள். என்னவென்று கேட்டேன்.

"பேச்சு போர் அடிக்கும்போது எண்ணினேன் அங்கிள். 'பேஷன்'ங்கற வார்த்தை மூணு நாள்ல நாப்பத்து மூணு தடவை. 'கஸ்டமர்' ஆறு தடவை."

விமரிசகர்கள் தோற்றார்கள். ஒரு நிகழ்ச்சியைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக மதிப்புரை எழுத முடியாது.

ஆனால் அவளுக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த சோப்பு ஷாம்பு கணக்கை அவள்தான் போட்டிருக்கிறாள். ஒரு கம்பெனி வருங்காலத்தில் சம்பாதிக்கப்போகும் பணத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று வட்டியால் வகுத்துக்கொண்டே வருகிற கணக்கு. 'இத்தனை நாள் பரீட்சைக்குப் படிச்சது இதுக்குத்தானா' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதைக் கிண்டல் செய்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

இன்னொரு பக்கத்தில் ஒரு கேள்வி பதில். முதல் நாள் காட்டிய வீடியோவில் லண்டன், நியூயார்க் ஆபீஸ்கள். டிரேடிங் ஃப்ளோர், ஆளுக்கு நாலு ஸ்க்ரீன், கண்ணாடி வழியாக நதி. இவள் எழுந்து கேட்டிருக்கிறாள்: "இந்த பில்டிங்ல என்ன வேலை நடக்குது சார்?" பதில்: அங்கே இருப்பவர்களுக்கு இங்கிருந்து சப்போர்ட். அவர்கள் செய்த வியாபாரத்தைச் சரிபார்ப்பது, கணக்கு ஒப்பிடுவது, அவர்கள் கேட்கும் ஸ்லைடைத் தயார் செய்வது. "இங்கேருந்து அங்க போக முடியுமா?" என்று அடுத்த கேள்வி. "இட்ஸ் பாஸிபிள்" என்று பதில். அவள் அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

"இதைப் பத்திப் படிக்க ஏதாவது புக் இருக்கா அங்கிள்?" என்றாள். மைக்கேல் லூயிஸ் எழுதிய 'லையர்ஸ் போக்கர்' கொடுத்தேன். 1989-ல் வந்த புத்தகம். வால்ஸ்ட்ரீட்டில் வேலை பழகப் போன இளைஞனின் அனுபவம் என்றால் இன்றைக்கும் முதலில் சொல்லப்படுகிற பெயர் இதுதான்.

லூயிஸ் பிரின்ஸ்டனில் கலை வரலாறு படித்தவர். பிறகு லண்டனில் பொருளாதாரம். வேலை கிடைத்த விதமே ஒரு சிறுகதை. உறவுக்காரப் பெண்மணி தயவில் லண்டன் அரண்மனை விருந்து ஒன்றுக்குப் போகிறார், ராணியின் அம்மா நடத்துகிற விருந்து. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சாலமன் பிரதர்ஸ் என்ற வங்கியின் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி. பேச்சுவாக்கில் வேலை ஆகிவிட்டது. இன்சைட் ப்ரோக்ராம் எல்லாம் இல்லை.

1985-ல் நியூயார்க்கில் சாலமனின் பயிற்சி வகுப்பில் 127 பேர். 23-ம் மாடியில் வகுப்பு, 41-ம் மாடியில் டிரேடிங் ஃப்ளோர். பின்பெஞ்சுக்காரர்கள் பாடம் நடத்துகிறவர்மீது காகித உருண்டை வீசுகிறார்கள். உலகத்தின் கடன்பத்திர வியாபாரத்தில் பெரும் பங்கு வைத்திருந்த நிறுவனத்தின் வருங்காலம் அப்படி உட்கார்ந்திருக்கிறது. பயிற்சி முடிந்ததும் யாரை எந்தப் பிரிவு எடுத்துக்கொள்ளும் என்ற பயம். டல்லாஸ் ஊரில் ஷேர் விற்கப் போடுவது என்றால் அந்தமான் தண்டனை மாதிரி. சாலமனில் கடன்பத்திரம்தான் ராஜா. ஷேர் விற்பவனை நாய்கூடச் சீண்டாது.

தலைப்பில் இருப்பது ஒரு விளையாட்டு. நாம் பள்ளிக்கூடத்தில் புக் கிரிக்கெட் ஆடினோமே, பக்க எண்ணை வைத்து, அதுபோல இவர்கள் டாலர் நோட்டின் சீரியல் நம்பரை வைத்துப் பொய் சொல்லி ஆடுகிறார்கள். புத்தகத்தின் முதல் காட்சியே, நிறுவனத் தலைவர் ஜான் குட்ஃப்ரெண்ட் தன் டிரேடர் ஜான் மெரிவெதரிடம் வந்து ஒரு ஆட்டம் பத்து லட்சம் டாலருக்கு ஆடலாமா என்று கேட்பது. அவர், 'ஆடினால் ஒரு கோடி டாலருக்கு' என்கிறார். தலைவர் வாலைச் சுருட்டிக்கொண்டு போகிறார். எழுதத் தெரிந்த ஆள் லூயிஸ். எடுத்தால் கீழே வைக்க முடியாது.

நாலு நாளில் பெண் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கண்ணில் ஒரு பளபளப்பு. நான் எதிர்பார்த்தது 'சே, இப்படியா' என்ற மாதிரி ஒரு வார்த்தை. அவள் கேட்டது: "சூப்பர் அங்கிள். இங்க எப்படி உள்ள போறது?"

இது அவளுடைய தவறு இல்லை. அமெரிக்காவே இப்படித்தான் படித்தது. லூயிஸ் 2010-ல் எழுதிய 'தி பிக் ஷார்ட்' முன்னுரையில் இதைச் சொல்கிறார். ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டியில் கடலியல் படிக்க ஆசைப்படுகிற ஒரு புத்திசாலிப் பையன் இந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு வால்ஸ்ட்ரீட் வேலையை உதறிவிட்டுக் கடலுக்குப் போவான் என்பது அவர் நம்பிக்கை. நடந்தது வேறு. அதே யுனிவர்சிட்டியிலிருந்து கடிதம் மேல் கடிதம்: வேறு ஏதாவது ரகசியம் இருந்தால் சொல்லுங்கள், அடுத்தது என்ன செய்ய வேண்டும். எச்சரிக்கைப் பலகையை வழிகாட்டிப் பலகையாகப் படித்துவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? லூயிஸ் ஆச்சரியப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறார். எனக்குத் தோன்றும் காரணங்கள் இரண்டு.

முதலாவது, கதை சொல்கிறவருக்கு எந்தச் சேதமும் இல்லை. சொகுசாக உள்ளே போகிறார். எல்லாரையும் கிண்டல் செய்கிறார். கை நிறையச் சம்பாதித்துக்கொண்டு முப்பது வயதுக்குள் வெளியே வந்து எழுத்தாளர் ஆகிவிடுகிறார். தீமிதியில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் இறங்கி வந்தவர் 'நெருப்பு சுடும்' என்றால் யார் நம்புவார்கள்? பார்க்கிறவனுக்கும் இறங்கத்தான் தோன்றும்.

இரண்டாவதுதான் முக்கியம். லண்டன் ஆபீசில் லூயிஸ் கத்துக்குட்டியாக இருந்தபோது ஒரு ஜெர்மன் வாடிக்கையாளரிடம் ஏ.டி. அண்ட் டி. கடன்பத்திரங்களை விற்கிறார். விற்கச் சொன்னவர் நியூயார்க் டிரேடர். உண்மையில் அந்தச் சரக்கு சாலமன் கையில் தேங்கி நஷ்டம் கொடுத்துக்கொண்டிருந்தது. நஷ்டம் அந்த ஜெர்மன்காரர் தலையில் போய் விழுகிறது. லூயிஸுக்கு ஆபீசில் பாராட்டு. அவர் இதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார், குற்ற உணர்வோடும் எழுதியிருக்கிறார். ஆனால் சில பக்கங்களில் அந்த வாடிக்கையாளர் கதையை விட்டுப் போய்விடுகிறார். நமக்குப் பெயர் ஞாபகம் இருப்பது குட்ஃப்ரெண்ட், மெரிவெதர், தபால் அறையில் ஆரம்பித்து வீட்டுக்கடன் பத்திர வியாபாரத்தையே உண்டாக்கிய ராணியேரி. வில்லன்கள் எல்லாம் ரஜினி ஸ்டைலில் வருகிறார்கள், நஷ்டப்பட்டவர் துணை நடிகர். நோட்டின் பின்னட்டையில் 'கஸ்டமர்' ஆறு தடவை வந்ததும் இதுவும் ஒரே வியாதி. விமரிசனம் செய்கிற புத்தகத்துக்கும் அது தொற்றியிருக்கிறது.

இதனால் புத்தகம் மட்டம் என்று சொல்லவில்லை. அதில் சொல்லியிருப்பது பொய்யும் இல்லை. சாலமன் 1991-ல் அரசாங்கக் கடன்பத்திர ஏலத்தில் தில்லுமுல்லு செய்து மாட்டிக்கொண்டது, குட்ஃப்ரெண்ட் பதவி விலகினார், வாரன் பஃபெட் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கப்பலைக் காப்பாற்றினார். மெரிவெதர் நோபல் பரிசு பெற்ற பொருளாதார நிபுணர்களோடு தொடங்கிய நிதி நிறுவனம் 1998-ல் கவிழ்ந்தது. பல வருஷம் கழித்து லூயிஸோடு மதிய உணவு சாப்பிட்ட குட்ஃப்ரெண்ட், உன் புத்தகம் என் வாழ்க்கையைக் கெடுத்து உன் வாழ்க்கையை அமைத்தது என்று சொன்னாராம். நல்ல சாட்சி. ஆனால் சாட்சிக்கூண்டில் லூயிஸ் ஜோக் அடிக்கும்போது நாம் வழக்கையே மறந்துவிடுகிறோம்.

ஆகவே அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது புத்தகம் தேவைப்பட்டது. காரென் ஹோ என்ற மானுடவியலாளர் 2009-ல் எழுதிய 'லிக்விடேட்டட்'. ஆதிவாசிகளை ஆராய்வது போல வால்ஸ்ட்ரீட் பாங்கர்களை ஆராய்ந்தவர். பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது படிப்புக்கு லீவு போட்டு 1996-ல் பாங்கர்ஸ் டிரஸ்ட் என்ற வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார். ஒரு வருஷத்துக்குள் அவருடைய பிரிவையே கலைத்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவருக்குக் கொப்புளம் உண்டு.

லூயிஸ் ஆச்சரியப்பட்ட இடத்தில் ஹோ பதில் தேடுகிறார். வங்கிகள் ஹார்வர்டு, பிரின்ஸ்டன் வளாகங்களுக்கு வந்து வருஷம் பூராவும் கூட்டம், காக்டெயில், ஓட்டல் விருந்து என்று நடத்துவதை உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அங்கே நிதி பற்றிச் சொல்லிக்கொடுப்பது குறைவு. திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது ஒன்றுதான்: நீங்கள் புத்திசாலிகள், புத்திசாலிகள் எங்களிடம்தான் வருவார்கள். இதைப் பத்துத் தடவை கேட்ட பையன், போகாவிட்டால் தான் புத்திசாலி இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயப்பட ஆரம்பிக்கிறான். பிளஸ் டூவில் ஆயிரத்து நூறு எடுத்தவனை 'இன்ஜினீயரிங் சேரலையா?' என்று கேட்டே இன்ஜினீயர் ஆக்கிய ஊர் நம்முடையது. நமக்கு இது புரியும்.

ஹோ சொல்கிற இன்னொரு விஷயம் வேலை நிரந்தரமின்மை. பாங்கர்களுக்கு எந்த வெள்ளிக்கிழமையும் கடைசி வெள்ளிக்கிழமையாக இருக்கலாம். ஆகவே அடுத்த போனஸ் வரைதான் யோசனை. தாங்கள் அப்படி வாழ்வதால், வாங்கி விற்கிற கம்பெனிகளின் தொழிலாளர்களும் அப்படி வாழ்வதுதான் இயற்கை என்று நினைக்கிறார்கள். தரகருக்குக் குடித்தனத்தைப் பற்றிக் கவலை இல்லாததன் காரணம் இங்கே இருக்கிறது. தாலி ஏறுகிறவரை அவருக்கே வேலை இருக்குமா என்று தெரியாது.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டிய பகுதி, முன் ஆபீஸ், நடு ஆபீஸ், பின் ஆபீஸ் என்ற ஜாதி அமைப்பு. பணம் கொண்டுவருகிறவர்கள் முன். சரிபார்க்கிறவர்கள், பதிவு செய்கிறவர்கள் பின். ஒரே வங்கியின் ஆட்கள்தான், ஆனால் வேறு மாடி, வேறு சம்பளம், வேறு மரியாதை. வால்ஸ்ட்ரீட் தன்னைப் பற்றிப் பேசும்போது பின்னால் இருப்பவர்களைச் சேர்த்துக்கொள்வதே இல்லை என்கிறார். இதைப் படித்தபோது அந்த 'இட்ஸ் பாஸிபிள்' எனக்கு ஞாபகம் வந்தது. 2000-க்குப் பிறகு சென்னைக்கு வந்த உலக வங்கிகளின் பெரிய கட்டடங்களில் பெரும்பாலான வேலை இந்தப் பின்பக்க வேலைதான். கௌரவமான வேலை. மாதா மாதம் சம்பளம், பி.எஃப்., மருத்துவ இன்ஷூரன்ஸ். கோர்ட் வாசல் ஜெராக்ஸ் கடைக்காரர் மகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. 'பணம் பெரிசு இல்லம்மா' என்று பணம் இருக்கிறவர்கள்தான் சொல்வார்கள். என் புகார் வேலை மேல் இல்லை. தோட்டத்தைக் காட்டிவிட்டுக் கொல்லைக்கதவு சாவியைக் கொடுக்கிறார்களே, அதன் மேல்.

குறையும் உண்டு. 'லிக்விடேட்டட்' ஆராய்ச்சிப் புத்தகம். சொன்னதைச் சொல்கிறார். இரண்டாம் அத்தியாயத்துக்கு மேல் ஸ்ட்ராங்காக ஒரு காபி தேவைப்படும். பெண் ஐம்பது பக்கம் படித்துவிட்டு, "நோட்ஸ் எடுத்துக்கிட்டேன் அங்கிள்" என்றாள். மாணவர் மொழியில் அதற்கு 'முழுசாப் படிக்கலை' என்று அர்த்தம்.

மூன்றாவது, லாரன் ரிவேரா எழுதிய 'பெடிக்ரீ', 2015. பெரிய வங்கிகள், சட்ட நிறுவனங்கள், கன்சல்டிங் கம்பெனிகளில் ஆள் எடுக்கிற 120 பேரைப் பேட்டி எடுத்திருக்கிறார். தகுதியைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவர்கள் பார்ப்பது, இவன் நம்மைப் போல இருக்கிறானா என்பதை. ஏர்போர்ட்டில் விமானம் தாமதமானால் இவனோடு ராத்திரி பூரா பேசிக்கொண்டிருக்க முடியுமா? ஸ்குவாஷ் ஆடுவானா, படகு வலிப்பானா? பொழுதுபோக்குகூடச் செலவு பிடித்ததாக இருக்க வேண்டும். சைதாப்பேட்டைச் சந்துக் கேரம் போர்டில் சாம்பியனாக இருந்தால் ரெஸ்யூமேயில் எழுதுவதா வேண்டாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. (எழுதுங்கள். ஸ்டிரைக்கரை எந்தக் கோணத்தில் விட வேண்டும் என்று தெரிந்தவருக்கு ரிஸ்க் பற்றி யாரும் கிளாஸ் எடுக்க வேண்டாம்.) 'நெட்வொர்க்கிங் லஞ்ச்' என்பது பாடத்திட்டத்தில் ஓய்வுவேளை இல்லை, அதுதான் பரீட்சை என்பது இதைப் படித்தால் புரியும். மூன்றில் மாணவர்களுக்கு உடனடியாக உபயோகப்படுவது இதுதான். யாராவது தமிழில் கொண்டுவரலாம்.

மூன்று புத்தகத்திலும் சொல்லப்படுகிற, மூன்று நாள் நிகழ்ச்சியில் சொல்லப்படாத இன்னொன்று நேரம். 2013 ஆகஸ்டில் லண்டனில் ஒரு பெரிய வங்கியில் வேலை பழகிக்கொண்டிருந்த 21 வயது ஜெர்மன் மாணவர் தன் அறையில் இறந்து கிடந்தார். விசாரணையில் வலிப்பு நோய் காரணம் என்று தெரிந்தது. அசதி அதைத் தூண்டியிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்கள். 2015-ல் கோல்ட்மன் சாக்ஸ், வேலை பழகுகிறவர்கள் நள்ளிரவு முதல் காலை 7 மணி வரை ஆபீசில் இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதாவது ஒரு நாளைக்கு 17 மணி நேரம்தான். சலுகை! 2021-ல் அதே நிறுவனத்தின் முதல் வருஷ ஊழியர்கள் 13 பேர் தங்களுக்குள் ஒரு சர்வே எடுத்து வெளியே கசிந்தது: வாரத்துக்குச் சராசரி 95 மணி நேர வேலை, ராத்திரிக்கு 5 மணி நேரத் தூக்கம்.

'இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை, தமிழில் என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. ப. சிங்காரம். 1938-ல் இந்தோனேசியாவின் மேடான் நகரத்தில் ஒரு வட்டிக்கடைக்கு வேலைக்குப் போன சிங்கம்புணரிக்காரர். அவருடைய 'புயலிலே ஒரு தோணி'யைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். நான் சொல்வது அதற்கு முந்தைய 'கடலுக்கு அப்பால்', 1959-ல் புத்தகமாக வந்தது. பினாங்கில் வயிரமுத்துப் பிள்ளையின் வட்டிக்கடை, அங்கே வேலை பார்க்கும் செல்லையா, முதலாளி மகள் மரகதம். யுத்தத்தில் செல்லையா இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்புகிறான். துப்பாக்கி பிடித்தவன் பெட்டியடிக்கு ஆகமாட்டான் என்பது முதலாளியின் கணக்கு. பெண்ணைத் தர மறுக்கிறார்.

அந்தக் கடைகளிலும் பயிற்சி இருந்தது. பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று வருஷக்கணக்கில் படி ஏற வேண்டும். கடையைப் பெருக்குவதில் ஆரம்பம். ஏட்டில் கை நடுங்காமல் எழுத வேண்டும். யாருக்குக் கொடுத்தால் வரும், யாருக்குக் கொடுத்தால் வராது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். 'பேஷன்' என்ற வார்த்தை யாருக்கும் தெரியாது. வாடிக்கையாளர் முகம் தெரியாதவன் மேலே போக முடியாது.

இதைப் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். பையன்கள் மூன்று வருஷக் கணக்கு முடிகிறவரை ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது. பர்மாவில் 1930-களின் மந்தத்தில் விவசாயிகள் கடனைக் கட்ட முடியாமல் போக, கீழ் பர்மாவின் நெல் வயல்களில் சுமார் கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. நிலம் போனவர்களின் கோபம் என்ன செய்தது என்பது சரித்திரம். ஆனால் சிங்காரம் லூயிஸ் செய்யாத ஒன்றைச் செய்கிறார். தொழில் அந்த மனிதனை என்ன செய்கிறது என்று காட்டுகிறார். வயிரமுத்துப் பிள்ளை வில்லன் இல்லை. நல்லவர்தான். மகளின் வாழ்க்கையையும் வரவு செலவாகப் பார்க்கிற அளவுக்குத் தொழிலில் ஊறிவிட்டவர். படித்து முடித்ததும் 'எப்படி உள்ளே போறது?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாலு புத்தகத்தில் எனக்கு இதுதான் முதலிடம். அளவிலும் சின்னது.

சரி, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு அழைப்பு வந்தால் அனுப்பலாமா? தாராளமாக. ஏசி குளிரும், ஒரு ஸ்வெட்டர் கொடுத்து அனுப்புங்கள். கூடவே மூன்று கேள்விகள். இந்த வேலையில் எந்த வாடிக்கையாளர் முகம் எனக்குத் தெரியும்? கமிஷன் வாங்கிய பிறகு அந்தக் கம்பெனிக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிற ஆள் உங்கள் ஆபீசில் யார்? இந்தக் கட்டடத்தில் எனக்கு முன்னால் சேர்ந்தவர்கள் ஐந்து வருஷத்தில் எங்கே இருக்கிறார்கள்?

இரண்டாவது கேள்விக்கு சைதாப்பேட்டைக்காரர்களிடம் ஒரு உதாரணம் உண்டு. மறைமலை அடிகள் பாலம் இருக்கிற இடத்தில் அடையாற்றுக்கு முதலில் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. 1726-ல், சொந்தப் பணத்தில். வியாபாரத்தில் கொழித்தவர்தான், சன்னியாசி இல்லை. கட்டிவிட்டதோடு நிறுத்தாமல், பாலத்தைப் பிற்காலத்தில் பழுதுபார்ப்பதற்கென்று தனியாகப் பணமும் ஒதுக்கிவைத்தார். திறப்பு விழாவோடு வீட்டுக்குப் போகிறவர் பராமரிப்புக்குப் பணம் வைக்க மாட்டார். பழைய பாலம் இன்று இல்லை. ஆனால் அந்தப் பணம் போட்ட புத்தி எப்படிப்பட்டது என்று எந்த பாங்கர் பிரசங்கத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எங்கள் தெருப் பெண் அடுத்த வருஷம் அதே வங்கிக்கு விண்ணப்பிக்கப்போகிறாள். கூடவே சி.ஏ. இன்டரும் எழுதுகிறாள். இரண்டில் எது கிடைத்தாலும் கணக்கு அவளுக்குக் கைவிடாது. மூன்று கேள்வியையும் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் பிள்ளைகளும் கேட்கட்டும். பதில் நேராக வந்தால் நல்ல இடம். மறுபடியும் 'இட்ஸ் பாஸிபிள்' என்று வந்தால், அதை நோட்டில் எழுதி, சொன்னவர் பெயரையும் தேதியையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.